சாமி நம்பிக்கை போன மகன் அப்பாவுக்குக் கொள்ளி வைக்கலாமா?

செம்பவாங் குமரன்:

எல்லாருக்கும் வணக்கம். இதை எங்கே கேட்பது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அப்பாவுக்குப் புற்றுநோய், முற்றிய நிலை. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம், நினைவெல்லாம் தெளிவாக இருக்கிறது. போன வாரம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நீதான் மூத்தவன். குடம் நீதான் தூக்கணும், முறையா செஞ்சிடு" என்றார். சரிப்பா என்றேன். அதற்குப் பிறகு சரியாகத் தூக்கம் வரவில்லை.

காரணம், எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. கோபமோ வெறுப்போ கிடையாது. சின்ன வயதில் தைப்பூசத்துக்கு இங்கே சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் பால்குடம் எடுத்தவன்தான், விரதமும் இருந்திருக்கிறேன். தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடிந்து வந்த காலத்தில் ஒவ்வொரு கேள்வியாக எழுந்தது, பதில் வரவில்லை, அப்புறம் ஒரு நாள் பார்த்தால் கும்பிட ஆளே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் நான் கோயிலுக்குப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு கிறிஸ்தவராகிவிட்டாள். வாய்க்கரிசி போட மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள், அதில் அம்மாவுக்குப் பெரிய வருத்தம்.

என் கேள்வி இதுதான். ஆத்மா, பிதுர்லோகம் எதையும் நம்பாத நான் குடத்தைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றினால் அது அப்பாவை ஏமாற்றுவதா? செய்யாவிட்டால் நான் யார்? ஐசியில் (அடையாள அட்டையில்) இனம் போட்டிருக்கிறது, மதம் போடவில்லை. ஆனால் மருத்துவமனைப் படிவம், சவச்சடங்கு நிறுவனத்தின் படிவம் எல்லாவற்றிலும் மதம் கேட்கிறார்கள். பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஈசூன் வள்ளி:

தம்பி, முதலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். படிவமெல்லாம் அப்புறம்.

என் கருத்து, தாராளமாகச் செய்யலாம். நம் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயர் கேட்பார்கள், நட்சத்திரம் கேட்பார்கள். "உனக்கு நம்பிக்கை இருக்கா" என்று எந்தக் குருக்களும் இதுவரை என்னைக் கேட்டதில்லை. நம் சமயத்தில் செய்வதுதான் முதல், மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பது அவரவர் பாடு. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதி அன்றைக்கு வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே நம்பிக்கையா இருக்கிறது? வேண்டுதல் உள்ளவர் இருக்கிறார், அப்பா மிதித்தார் நானும் மிதிக்கிறேன் என்று வருபவர் இருக்கிறார், கூட்டாளிக்காக வருபவரும் இருக்கிறார்.

அப்பா கேட்டது உங்கள் கையை. கொடுத்துவிடுங்கள்.

பழைய முரசு வாசகர்:

வள்ளி சொல்வது அன்பால் சொல்வது, எனக்குப் புரிகிறது. ஆனால் நான் உடன்படவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

நான் சுயமரியாதைக் குடும்பத்தில் பிறந்தவன். பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரிலும் பேசினார். அதைக் கேட்டு மாறியவர்களில் என் தாத்தாவும் ஒருவர். 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் வந்தது, 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அலகு குத்துவதையும் தீ மிதிப்பதையும் எதிர்த்து எழுதுவது சும்மா பேச்சு இல்லை, சொந்தக்காரர்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். தாத்தா இறந்தபோது சடங்கு எதுவும் இல்லை. நாலு பேர் பேசினார்கள், எடுத்தார்கள், முடிந்தது. பாதி உறவு அன்றைக்கே அறுந்துபோனது, பாட்டி அந்தப் பாரத்தைக் கடைசிவரை சுமந்தார். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்படி விலை கொடுத்தவர்களைப் பார்த்து வளர்ந்ததால் சொல்கிறேன். நம்பாததை நம்புவதுபோலச் செய்துவிட்டு வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம், அதனால்தான் எந்தச் சடங்கையும் யாரும் கேள்வி கேட்பதில்லை. குமரன், அப்பா நினைவோடு இருக்கிறார் என்கிறீர்கள். இப்போதே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். உயிரோடு இருப்பவரிடம் உண்மையைச் சொன்னால் அவர் ஒரு பதிலாவது சொல்வார்.

கடையநல்லூர் பேத்தி:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் முஸ்லிம், இந்த இழையில் எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் குமரன் அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்வி என்னையும் துரத்துகிற கேள்வி.

எங்களுக்கு "நான் யார்" என்பது வாசலிலேயே தொடங்கிவிடும். தலையில் துணி போட்டிருப்பதால் தேக்கா (லிட்டில் இந்தியா) கடைக்காரர் என்னிடம் மலாயில் பேசுவார், நான் தமிழில் பதில் சொன்னதும் "அட, தமிழா நீங்க" என்பார். பள்ளிக்கூடத்தில் தீபாவளி வாழ்த்துச் சொல்லும்போது தமிழ் படிக்கிற எல்லாப் பிள்ளைகளையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள், நானும் நின்றேன். ஆனால் எங்கள் தாத்தா தலைமுறைதான் 1946-இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் வைத்தது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயிலிலிருந்து சில எட்டு நடந்தால் சூலியா பள்ளிவாசல், 1826-இல் தொடங்கியது, இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தமிழில் குத்பா (பிரசங்கம்) ஓதுகிறார்கள். இது தெரியாதவர்கள் நம் ஊரிலேயே ஏராளம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வள்ளி அக்கா, நீங்கள் சொன்னது உங்கள் சமயத்துக்குச் சரியாக இருக்கலாம், எங்களுக்கு அப்படிப் பொருந்தாது. எங்களுக்கு எல்லாமே ஒரு சாட்சியில் தொடங்குகிறது. கலிமா என்பது வாயால் சொல்வது, மனதால் ஏற்பது. தொழுகைக்கு நிய்யத், அதாவது மனதில் எண்ணம், வேண்டும். நிய்யத் இல்லாமல் குனிந்து நிமிர்ந்தால் அது தொழுகை இல்லை என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால் சந்தேகம் வந்தபோது எனக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. நோன்பு வைத்தேன், விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தேன், நோன்பு திறக்கும் இஃப்தாருக்குப் பள்ளிவாசல் கஞ்சி வாங்கி வந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெளியே சொன்னால் உம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

எனக்கு அப்போது கை கொடுத்தது குர்ஆனிலேயே இருக்கிற ஓர் இடம். அல்பகரா அத்தியாயம், 260-ஆவது வசனம். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டு என இப்ராஹீம் நபி இறைவனிடமே கேட்கிறார். நீ நம்பவில்லையா என்று திருப்பிக் கேட்கப்படுகிறது. நம்புகிறேன், ஆனால் என் உள்ளம் அமைதி அடைவதற்காக என்கிறார். அதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை, பறவைகளைக் கொண்டு அவருக்குப் பதில் காட்டப்படுகிறது. இமாம் கஸ்ஸாலியும் அப்படித்தான். 11-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் பெரிய ஆசிரியராக இருந்தவர், ஒரு கட்டத்தில் பாடம் நடத்தப் போனால் நாக்கு எழவில்லை, வேலையை விட்டுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். பிறகு அவரே எழுதி வைத்திருக்கிறார். இதையெல்லாம் எங்கள் மதரஸாவில் யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அத்தனை காலம் தனியாகத் தவித்திருக்க மாட்டேன்.

இப்போது தொழுகிறேன், நிய்யத்தோடுதான். ஆனால் சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஆஃபியர் ரோடு சேவியர்:

தங்கச்சி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் கத்தோலிக்கன், லூர்து மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன். 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டிய கோயில், இன்றைக்கும் தமிழ்த் திருப்பலி உண்டு.

எங்களுக்கும் இதே சிக்கல்தான். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று "விசுவசிக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். என் மனைவி இறந்த பிறகு கொஞ்ச காலம் அந்தப் பகுதி வந்தால் வாயை மூடிக்கொண்டு நிற்பேன், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் சத்தத்தில் நான் சொல்லாதது தெரியாது. பாதரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. நீங்கள் சொல்ல முடியாத நாளில் மற்றவர்கள் உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு அது பதில் இல்லைதான், ஆனாலும் எனக்கு அப்போது தேவைப்பட்டது அதுவாக இருந்தது.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது எங்கள் பங்கில் பலர் ஆடிப்போனார்கள். அத்தனை வருடம் உள்ளே இருட்டு, ஜெபிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது பெரிய ஆறுதல். நம் மண்ணோடு சேர்த்துப் பேசப்படுகிற அப்போஸ்தலரே சந்தேகப்பட்ட தோமையார்தானே. காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர் மயிலாப்பூர் வரைக்கும் வந்து உயிரைக் கொடுத்தார் என்பதுதான் எங்கள் பாரம்பரியம்.

தம்பி குமரன், உங்கள் தங்கை விஷயம். அவருடைய சபை என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் பல சபைகளில் வாய்க்கரிசி, படையல் இதிலெல்லாம் கலந்துகொள்ளக் கூடாது என்று போதிப்பார்கள். அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அம்மாவையும் கட்டாயப்படுத்த விடாதீர்கள். என்னோடு வேலை பார்த்தவர் வீட்டில் இதே நிலைமை. மகள் அரிசி போடவில்லை, ஆனால் மூன்று நாளும் பந்தலில் இருந்து வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலக்கிக் கொடுத்தார், பெட்டியைச் சுற்றிப் பூ அடுக்கினார், தன் ஜெபத்தைத் தானே மனசுக்குள் செய்தார். சில பேர் முணுமுணுத்தார்கள். அவர் அசையவில்லை.

செம்பவாங் குமரன்:

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. உண்மையிலேயே இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தேன். சிங்கப்பூர்வாசிகளில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் சமயம் இல்லை என்றவர்கள் 20 சதவீதம். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 2.2 சதவீதம்தான். ஐந்தில் ஒருவருக்கு மதம் இல்லாத ஊரில் நம் ஆட்களில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் அப்படிச் சொல்கிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு பேர்தான் இருக்கிறார்களா, இல்லை என்னைப்போல் "இந்து" என்று குறித்துவிட்டு வருகிறார்களா? என் சீன நண்பனுக்கு "எனக்கு மதம் இல்லை" என்பது ஒரு தகவல். நான் அதையே சொன்னால் மாமா "அப்போ நீ தமிழனே இல்லையா" என்கிறார்.

முரசு ஐயா சொன்னது குத்துகிறது, ஏனென்றால் சரி. ஆனால் நாள் கணக்கில் இருக்கும் மனிதரிடம் போய் என் கொள்கையைச் சொல்வது யாருக்காக என்ற கேள்வியும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

"அப்போ நீ தமிழனே இல்லையா" என்று கேட்ட மாமாவுக்கு நான் பதில் சொல்கிறேன். நம் ஐம்பெருங்காப்பியங்களில் மணிமேகலை பௌத்தம், சீவக சிந்தாமணி சமணம். சீறாப்புராணம் நபியின் வரலாறு. தேம்பாவணியைப் பாடியவர் இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார். சித்தர்களில் சிவவாக்கியர் நட்ட கல்லைச் சுற்றி வருவதைக் கடிந்து பாடினார். இத்தனையும் சேர்ந்ததுதான் தமிழ். சாரங்கபாணி 1952-இல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாள் தொடங்கியதும் இதற்காகத்தான், எல்லாச் சமயத் தமிழரும் ஒரே மேடைக்கு வர ஒரு நாள் வேண்டும் என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணிமேகலை வஞ்சி நகரத்தில் வேற்றுருவில் போய் ஒவ்வொரு சமயவாதியிடமும் "உன் கொள்கை என்ன" என்று கேட்கிறாள். வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். கண்ணால் கண்டதுதான் உண்மை, இந்தப் பிறப்போடு எல்லாம் முடிந்தது என்பவன் அவன். அவள் சிரித்துக்கொண்டே கேட்கிறாள்: உன் தாய் தந்தை யார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? குமரன், நீங்கள் பூதவாதி பக்கம் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அது தவறில்லை, அந்தக் கட்சிக்கும் காப்பியத்தில் இடம் கொடுத்துத்தான் வாதம் நடக்கிறது. ஆனால் தந்தை என்பவரை நாம் ஏற்றுக்கொள்வது கண்ணால் கண்டதை வைத்து அல்லவே என்ற அவள் கேள்வியை நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வாட்டர்லூ ஸ்ட்ரீட் மே:

என் அம்மா சீனர், அப்பா தமிழர். வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் குவான் இம் கோயிலும் கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அம்மா குவான் இம்மிடம் ஊதுபத்தி வைத்துவிட்டு அப்படியே வந்து கிருஷ்ணன் கோயில் வாசலிலும் பத்தி ஏற்றுவார். அவர் மட்டுமல்ல, அந்த வாசலில் பத்தியோடு நிற்கும் சீனர்களை எந்த நாளிலும் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் ஒரே வேண்டுதல்தான். எது உண்மையான சாமி என்ற கேள்வியே அம்மாவுக்குக் கிடையாது. எனக்கு இருக்கிறது, அதனாலேயே எனக்கு இரண்டு இடத்திலும் கும்பிட வராது.

அப்பா போனபோது நான் ஒரே பிள்ளை, பெண். பெண் செய்யக் கூடாது, சித்தப்பா மகன் செய்யட்டும் என்றார்கள். நான் விடவில்லை. சடங்கு செய்துவைக்கும் பண்டாரத்திடம் நேரே போய்க் கேட்டேன், அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு "நீயே தூக்கும்மா" என்றார். குடத்தில் முதல் ஓட்டை போட்டதும் தண்ணீர் முதுகில் வழிந்தது, சட்டை முழுக்க நனைந்துபோனது, அந்தக் குளிர் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பிறகு மண்டாய் தகனச்சாலையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம், பெட்டி தானாக நகர்ந்து போனது. அந்த இடத்தில் நமக்குச் செய்ய எதுவுமே இல்லை. குடத்தைத் தூக்கியிருக்காவிட்டால் அப்பாவுக்கு என்று என் உடம்பால் செய்தது ஒன்றுமே இருந்திருக்காது.

நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். சுவா சூ காங்கில் 2021-இல் சாம்பல் தூவும் தோட்டம் ஒன்றை அரசாங்கம் திறந்திருக்கிறது. எந்த மதத்தைச் சேர்ந்ததும் இல்லை, ஊதுபத்தி, படையல் எதுவும் அங்கே கூடாது. உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தாது. பிற்காலத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கும்போது நினைவில் இருக்கட்டும்.

பழைய முரசு வாசகர்:

மே, நீங்கள் பண்டாரத்திடம் போய்க் கேட்டது பெரிய காரியம். குமரன் இதைக் கவனிக்க வேண்டும், நான் முதல் பதிவில் விட்டுவிட்ட பகுதி இதுதான்.

குடம் தூக்குவதால் யாருக்கும் தீங்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "முறையா செஞ்சிடு" என்றால் அந்த முறையில் இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் அம்மா. பெட்டி புறப்படும் முன்னாலோ கருமாதி அன்றைக்கோ நாலு பெண்கள் அவரை உட்கார வைத்துப் பூவை எடுப்பார்கள், பொட்டை அழிப்பார்கள், வளையலை உடைப்பார்கள், தாலியைக் கழற்றுவார்கள். இன்றைக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். சடங்கை நம்பாத மகன் எதையாவது எதிர்த்து நிற்க வேண்டும் என்றால் இங்கே நிற்க வேண்டும். குடத்தைத் தூக்கினீர்களா இல்லையா என்பதைவிட எனக்கு இது முக்கியம்.

ஈசூன் வள்ளி:

ஐயா சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். நான் தினமும் விளக்கேற்றுகிறவள், வெள்ளிக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், எங்கள் அம்மாவுக்கு அதைச் செய்தபோது நான் பக்கத்தில் நின்றேன், அம்மா என் கையைப் பிடித்த பிடி அப்படி. அப்பா போன துக்கத்துக்கு அழாத அழுகையை அதற்கு அழுதார். எந்தச் சாமிக்கும் அது வேண்டியிருக்காது. நம்புகிறவர்கள்தான் முதலில் இதை நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

தம்பி, அந்த ஒன்றை மட்டும் நடக்க விடாதீர்கள்.

கடையநல்லூர் பேத்தி:

ஆமீன் வள்ளி அக்கா. எங்களிலும் கணவர் இறந்த பிறகு மனைவி இத்தா இருக்கும் நாலு மாதம் பத்து நாளில் மார்க்கம் சொல்லாததையெல்லாம் சேர்த்துப் பெண்களை வாட்டுகிற வீடுகள் உண்டு. கேள்வி கேட்டால் "உனக்கு ஈமான் குறைவு" என்பார்கள். சந்தேகப்பட்ட காலத்தில்தான் எது வேதத்தில் இருக்கிறது, எது ஊர் வழக்கம் என்று நான் பிரித்துப் படிக்கவே தொடங்கினேன்.

செம்பவாங் குமரன்:

நேற்று ராத்திரி அப்பாவிடம் பேசினேன். மார்ஃபின் கொடுத்த பிறகு ஒரு மணி நேரம் நன்றாக இருப்பார், அப்போது.

"அப்பா, நான் கும்பிடுறதில்லைன்னு உங்களுக்குத் தெரியும்ல" என்றேன். "பதினஞ்சு வருசமா தெரியும்" என்றார். அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. நான் நம்பாமல் செய்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பாவுக்கு நான் செஞ்சப்போ எனக்கும் ஒண்ணும் தெரியாது, பண்டாரம் சொன்னதைச் செஞ்சேன். உனக்கு மனசு இல்லன்னா தம்பி தூக்கட்டும். ஆனா நீ பக்கத்துல நிக்கணும்" என்றார். நான் தூக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏமாற்றுகிற உணர்வு இப்போது இல்லை, அவருக்குத் தெரிந்தே செய்கிறேன். ஆத்மா பற்றி என் கருத்து மாறவில்லை.

அம்மா விஷயத்தையும் கேட்டேன். அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. அவர் அதை யோசித்ததே இல்லைபோல. அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, "யாரும் உன் பொட்டைத் தொடக்கூடாது, நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். அம்மா "சும்மா இருங்க, இப்ப எதுக்கு இதெல்லாம்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். ஆனால் இன்று காலை அவரே என்னிடம் வந்து, "பெரியத்தை கேக்கமாட்டா, நீதான் பேசணும்" என்றார். தங்கையும் வந்திருந்தாள், அரிசி போட மாட்டாள், ஆனால் அம்மாவுக்குப் பக்கத்தில் அவள்தான் உட்காரப்போகிறாள், யாரையும் கிட்டே விட மாட்டேன் என்கிறாள்.

படிவத்தில் அப்பாவுக்கு இந்து என்று எழுதிவிட்டேன். என் பெயருக்கு எதிரே அப்படி ஒரு கட்டம் வந்தால் இனிமேல் "இல்லை" என்றே போடுவேன்.

ஒரு உதவி வேண்டும். தேவாரம், திருவாசகம் மட்டும் பாடித் தமிழிலேயே செய்துவைக்கிற ஓதுவார் அல்லது பண்டாரம், அம்மாவுக்கு அந்தச் சடங்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் கேட்கிறவர், யாராவது தெரியுமா?

வாட்டர்லூ ஸ்ட்ரீட் மே:

எனக்குக் குடம் கொடுத்தவர் இருக்கிறார். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அவரிடம் போனில் சொன்னால் மட்டும் போதாது, நேரில் ஒருமுறை போய் அம்மாவையும் பேச வையுங்கள். அத்தைகள் கேட்டால் அவரே பதில் சொல்லிவிடுவார், அந்த நேரத்தில் நீங்கள் சண்டை போட வேண்டியிருக்காது.

பழைய முரசு வாசகர்:

தேதி தெரிந்ததும் இங்கே போடுங்கள் குமரன். நான் வந்து நிற்கிறேன், அத்தை பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன்.